கேரட் பெட்டிக்கு ஐஸ்

காசிமேட்டுல ஒரு ஐஸ் கம்பெனியில வேலை செய்யறவன் நான். என் அக்கா ராயபுரம் கல்மண்டபத்துல, மொட்டை மாடியில ஐஸ் வெச்சு கேரட் வளக்குறான்னு சொன்னப்போ கம்பெனியில ஒருத்தனும் நம்பல. "இன்னா மாமு, ஊட்டிய கல்மண்டபத்துக்கே இட்டாந்துட்டியா?"ன்னு கலாய்ச்சுகினே இருந்தானுங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்புக்கு இப்ப என்னைய நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு.

அக்கா வீட்டுக்காரர நான் மாமான்னு கூப்பிடுவேன். லாஞ்சு டிரைவர். வாரக்கணக்குல ஆழத்துக்குப் போய் வர்ற விசைப்படகத்தான் நாங்க லாஞ்சுன்னு சொல்றது. மீன் புடிக்கிற மனுஷனுக்கு மீன் மேல பெரிய ஆசை கிடையாது. லாஞ்சுக்குச் சாமான் கட்டும்போது ஒரு பை கேரட்டத் தனியாக் கட்டிக்குவாரு. லாஞ்ச ஓட்டிகினே பச்சையாக் கடிச்சுத் துன்னுவாரு. "நீ இன்னா குதிரையா?"ன்னு அக்கா கேப்பா. "ஆமா, நீதான் ஜாக்கி"ன்னுவாரு. எல்லாத்துக்கும் அவருகிட்ட ஒரு பதில் இருக்கும்.

ஒரு கார்த்திகை மாசம் போன லாஞ்சு புயல்ல மாட்டிக்கிச்சு. தேடப் போன எங்க ஆளுங்களுக்கு லாஞ்சு கிடைக்கல, பலகைதான் கிடைச்சது. அதுல போனவங்கள்ல ஒருத்தரோட உடம்பு மட்டும் கிடைச்சது. வலை இழுக்கிறவரு, மாமாவோட தோஸ்து. அவர ஐஸ்ல வெச்சுக் கொண்டாந்தாங்க. கடல்ல ஒருத்தர் செத்தா எங்காளுங்க அப்படியே விட்டுட்டு வர மாட்டாங்க. மீன் போட்டு வெக்கிற ஐஸ் ரூம்ல மீன ஒதுக்கிட்டு, அவரப் படுக்க வெச்சு, கைய நெஞ்சு மேல மடக்கி வெச்சு, மேல ஐஸ் கொட்டி, கரைக்கு வர்ற வரைக்கும் கெடாமப் பாத்துக்குவாங்க. கரையில சொந்தக்காரங்க நின்னு வாங்கிக்குவாங்க.

அன்னிக்கு நாங்களும் கரையில நின்னோம். மாமாவும் வந்துடுவாருன்னு ஒரு நெனப்பு. அந்த ஒருத்தரத் தூக்கி வெளிய எடுக்கும்போது அவரு சம்சாரம் நெஞ்சுல அடிச்சுகினு விழுந்தாங்க. அக்கா அழல. ஐஸ் ரூமையே எட்டிப் பாத்துகினு இருந்தா. அப்பறம் என்னாண்ட திரும்பி, "அது உங்க கம்பெனி ஐஸாடா?"ன்னா. எனக்குக் கோவம் எப்பவும் மூக்கு மேல. "இப்ப இன்னா கேள்வி கேக்குறே நீ?"ன்னு அத்தனை பேர் முன்னாடி கத்திட்டேன்.

அக்கா கூட இருக்கிறது அவ மாமியாரு, மாமாவோட அம்மா. அத்தைக்கு மாமா ஒரே புள்ள. வீடு கல்மண்டபம் பக்கத்துல ஒரு சந்துல. கீழ அவங்க ரூம், மேல மொட்டை மாடி. மாடியில நின்னா லாஞ்சுங்க கட்டியிருக்கிற இடம் கொஞ்சம் தெரியும். லாஞ்சு சத்தம் கேட்டா அத்தை கைவேலையப் போட்டுட்டு வாசலுக்கு வந்துடும். "யாரு வந்தது பாருமே, நம்ம இஞ்சின் சத்தம் மாரியே கீதே." ஒவ்வொரு வாட்டியும் அதே வார்த்தை. பகல்ல அந்த வீட்டுக் கதவத் தாப்பா போட்டு நான் பாத்ததே இல்ல. வாசல்ல மாமாவோட செருப்பு, தெருவப் பாக்காம வீட்டப் பாத்தாப்ல, இப்பதான் உள்ள வந்தவரு கழட்டி வுட்ட மாதிரி கெடக்கும். சத்தியமா சொல்றேன், அந்த வாசல்ல கால் வெக்கும்போதெல்லாம் எனக்கு ஈரக் கயிறு வாசனை அடிக்கும். உள்ள ஒரு ஈரக் கயிறும் கிடையாது.

அக்கா மீன் விக்கிறவ. ஏலம் எடுத்து மார்க்கெட்ல உக்காந்து வித்துட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்தா போனப் பாத்துகினே கெடப்பா. அப்படித்தான் ஒரு வீடியோவப் புடிச்சா. ஏதோ பனி நாட்டுல ஒரு வெள்ளைக்காரப் பொம்பள, வீட்டுப் பின்னாடி மருந்து கிருந்து போடாம காய்கறி வளக்குது. அது பேசறது அக்காவுக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனா திரும்பத் திரும்ப அதையே பாப்பா. ஒரு நாள் என்னையும் இழுத்து உக்கார வெச்சா. முட்டி வரைக்கும் பனி. அந்தப் பொம்பள பனிய ஒதுக்குது, கீழ வைக்கோலு. வைக்கோல ஒதுக்குது, மண்ணு. மண்ணுக்குள்ள கைய வுட்டுச் செக்கச்செவேல்னு ஒரு கேரட்ட உருவி எடுக்குது.

"பாத்தியாடா? மேல எல்லாம் செத்துப் போச்சு. இது மட்டும் உள்ள அப்படியே கீது. வேணுங்கிறப்போ எடுத்துக்கலாம்."

"ஐஸ் பெட்டியில வெச்சா நம்மூர்லயும் அப்படியே இருக்கும். இதுக்கு இன்னாத்துக்கு வீடியோ?"ன்னேன்.

அவ என்னைய ஒரு மாதிரி பாத்தா. அடுத்த வாரமே மாடியில தோட்டம் ஆரம்பிச்சுட்டா.

எங்க ஏரியாவுல தோட்டம் போடறதுன்னா லேசுப்பட்ட காரியம் இல்ல. துணி காயப் போட்டாலே கரி படியும். போர் தண்ணி உப்பு, லாரித் தண்ணிதான் கதி. மண்ணுன்னு ஒண்ணு எங்க தெருவுல கிடையவே கிடையாது. அக்கா ஓரம் ஒடஞ்ச தெர்மாகோல் மீன் பெட்டிங்களப் பொறுக்கிகினு வந்தா. அடியில ஓட்டை போட்டா. செம்மண்ணு, தேங்காய் நார்த் தூளு, சாண எரு எல்லாம் வாங்கிக் கலந்தா. மீன் குடலையும் வெல்லத்தையும் ஒரு டப்பாவுல போட்டு ஊற வெச்சு, தண்ணியில கலக்கி அதையும் ஊத்துவா. கெமிக்கல் வாசனையே ஆவாதுன்னுட்டா. மண்ண மட்டும் மாவு மாதிரி சலிச்சுகினே இருப்பா. "தம்மாத்தூண்டு கல்லு தட்டுனாலும் கேரட்டு ரெண்டாப் பொளந்துக்கும்டா. நேரா எறங்கணும்னா கீழ எதுவும் இருக்கக் கூடாது." சந்துல எல்லாரும் அவளை ஆர்கானிக் அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சானுங்க.

மொத வாட்டி போட்டது பூரா நாசம். மொளச்சுது, ஒரு விரக்கடை வளந்துது, அப்படியே கருகிப் போச்சு. மேல போய்ப் பாத்தா மண்ணு மேல வெள்ளையா பூத்துக் கெடக்குது. தொட்டு நாக்குல வெச்சேன். உப்பு! கேட்டா, மார்க்கெட்ல மீன் பெட்டியிலேர்ந்து வடியிற ஐஸ் தண்ணிய பக்கெட்ல புடிச்சாந்து ஊத்தியிருக்கா. குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி, எருவுக்கு எருன்னு கணக்கு. கடல்ல கெடந்த மீனு, கடல் தண்ணியில அலசுன மீனு, அதுலேர்ந்து வடியிற தண்ணி பன்னீரா இருக்கும்? ஊர்ல வேற எவளாவது இந்தத் தப்பப் பண்ணுவாளா? "ஏங்க்கா, கடலையே தூக்கியாந்து ஊத்திட்டு கேரட்டு வரலன்னா எப்டி வரும்?"ன்னு கத்துனேன்.

அவ மூஞ்சி செத்துப் போச்சு. "ஆமால்ல. கடல் தண்ணிதானே இது"ன்னு சொல்லிகினே பெட்டிங்களக் கவுத்தா. அன்னிக்குத்தான் அவ அழுது நான் பாத்தது. செடிக்கா இப்படி அழறாளேன்னு எனக்கு எரிச்சலா வந்தது.

அப்பறம், மாமா போய் ஒரு வருஷம் ஆவப் போற நேரத்துல, நவம்பர்ல கல்லறைத் திருநாள் வந்தது. எங்க சனங்களுக்கு அன்னிக்குக் கல்லறைத் தோட்டத்துலதான் வேலை. அவங்கவங்க குழிய வெள்ளையடிச்சு, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏத்தி, செத்தவங்களோட கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவாங்க. அத்தை கையில மெழுகுவத்திய வெச்சுகினு அத்தனை குழிக்கு நடுவுல சுத்திச் சுத்தி வந்தது. எங்க ஏத்தும்? கடைசியில நடுவுல இருக்கிற பெரிய சிலுவை கீழ, குழி இல்லாதவங்க ஏத்துற எடத்துல, மத்தவங்க வத்திக்கு நடுவுல நட்டுட்டு வந்தது. காத்துல அணைஞ்சு போச்சு. மறுபடி ஏத்துச்சு. மறுபடி அணைஞ்சுது. சேசுவே, அதப் பாக்க என்னால முடியல.

வீட்டுக்கு வந்து அத்தை கேட்டுச்சு. உடம்பு கிடைக்காதவங்களுக்கு எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. அவங்க உடுத்துன துணி ஒண்ண சின்னப் பெட்டியில வெச்சு, பூசை வெச்சு, குழியில இறக்கி மேல சிலுவை நட்டுடுவாங்க. "அவன் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒண்ணு வெச்சிருப்பானே, வூட்ல போடறது. அதக் குடுமே. நான் கண்ண மூடறதுக்குள்ள எம்புள்ளைக்கு ஒரு குழி வேணும். கோயில் உபதேசியார்கிட்ட பேசிட்டேன்."

"அந்தச் சட்டை இல்ல, அத்தை. போட்டுகினு போயிட்டாரு"ன்னா அக்கா.

"வேற ஏதாச்சும் குடு."

"எதுவும் இல்ல."

எதுவும் இல்லையாம்! பீரோவத் தொறந்தா நெசமாவே இல்ல. எல்லாத்தையும் யாருக்கோ குடுத்துட்டாளாம். அத்தை தரையில உக்காந்து சேலை முந்தானைய வாயில வெச்சு அழுதுச்சு. அக்கா மாடிக்குப் போயிட்டா. குழி வேணாங்கிறான்னா இவ ஏத்துக்கவே இல்ல, அவரு வந்துடுவாருன்னு நெனச்சுகினு கீறா, இவளுக்கு மூளை கலங்கிடப் போவுதுன்னு எனக்குள்ள ஒரே பயம்.

அந்த வாரமே என்னாண்ட வந்து ஐஸ் கேட்டா. "உப்புல்லாத நல்ல ஐஸா வேணும்டா. மறுபடி வெதை போட்டிருக்கேன். மண்ணு ஜில்லுன்னு இருந்தாத்தான் கேரட்டு மொளைக்கும். அந்தப் பனி நாட்டுல மாரி." அப்பாடா, எதையாவது புடிச்சுகினு நிக்கிறாளேன்னு எனக்கு நிம்மதி. ஷிப்ட் முடிஞ்சு வரும்போது மிஷின்ல ஒடைக்கிறப்போ சிதறுற ஐஸ சாக்குல அள்ளித் தோள்ல போட்டுகினு வருவேன். பெட்டி மேல ஈரச் சணல் சாக்க விரிச்சு, அது மேல ஐஸப் பரப்புவா. சொட்டுச் சொட்டா உருகி எறங்கும்.

இந்த வாட்டி நல்லாவே வந்துது. தெனமும் எலையில படியிற கரிய ஈரத் துணியால தொடைப்பா, கொழந்தை மூஞ்சி தொடைக்கிறாப்ல. தை கடைசியில கேரட்டு புடுங்குனோம். விரல் நீளம்தான், ஆனா ஒண்ணு கூட வளையல. சந்துல எல்லார் வீட்டுக்கும் குடுத்தா. அத்தை மட்டும் வாயில வெக்கல. "அவனுக்கு எடுத்து வெய்யி"ன்னுடுச்சு.

ஒரு பெட்டிய மட்டும் அக்கா தொட விடல. பெரிய சூறை மீன் வெக்கிற நீளப் பெட்டி. தண்ணித் தொட்டி நெழல்ல தனியா வெச்சிருந்தா. "அது மண்ணுலயே கெடக்கட்டும். பனி நாட்டுல வைக்கோல் போட்டு வுடுறாங்கல்ல." சரின்னு வுட்டேன். ஆனா மத்த பெட்டி எல்லாம் காலியானதுக்கு அப்பறமும் ஐஸ் வேணும்ன்னா. மாசி போச்சு, வெயில் ஏறுச்சு, அப்பவும் ஐஸ். காலையில நான் மேல போகும்போது அந்தப் பெட்டியிலேர்ந்து வெள்ளையா புகை எழும்பிகினு இருக்கும். ஐஸ் இருந்தா குளிரு புகையத்தான் செய்யும், தெனம் பாக்குறவன் நான். ஆனா அது யாரோ மூச்சு விடற மாதிரி விட்டு விட்டு வரும். ஒரு நாள் மெர்சலாகி ரெண்டு படி பின்னால வந்துட்டேன். என்னைய நானே திட்டிகினேன்.

பங்குனியில கம்பெனியில ஐஸுக்கு அடிதடி. லாஞ்சுங்க வரிசையில நிக்குது. "உங்கக்கா தோட்டத்துக்கு இங்க ஐஸ் இல்ல, போ"ன்னு மேஸ்திரி எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. எனக்கு மானம் போச்சு. கெஞ்சிக் கூத்தாடி அரை சாக்கு வாங்கிகினு வந்தேன். அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தா. அந்த எரிச்சல்லயே மேல ஏறி, இன்னிக்கு இந்தக் கேரட்டப் புடுங்கி ஒழிச்சுட்டுத்தான் மறு வேலைன்னு சணல் சாக்கத் தூக்கிக் கடாசுனேன்.

மொத கேரட்ட இழுத்தேன். ரெண்டாப் பொளந்து இருந்துது, மனுஷன் கால் மாதிரி. அடுத்தது. அதுவும் ரெண்டு கால். அதுக்கடுத்தது மூணாப் பிரிஞ்சு, ஏதோ தட்டுப்பட்டுத் திரும்பி, பக்கவாட்டுல ஓடியிருந்துது. மாவு மாதிரி மண்ணு சலிக்கிறவ பெட்டியில கல்லு எப்டி வரும்? கைய வுட்டேன். மேல வெயில் கொளுத்துது, உள்ள வெரலு மரத்துப் போற அளவுக்குக் குளிரு. துணி தட்டுப்பட்டுச்சு.

மண்ண ஒதுக்குனேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. பட்டன் எல்லாம் போட்டு, காலர நிமித்தி, ரெண்டு கையையும் நெஞ்சு மேல மடக்கி வெச்சு, அந்த ரெண்டு கை முனையிலயும் செபமாலைய சுத்தியிருந்தா. தலமாட்டுல அவரோட சீப்பு. துணி மேல பூரா கேரட்டு வேரு வெள்ளை நூலு மாதிரி தச்சுகினு கெடந்துது.

கையில இருந்த கேரட்ட அப்படியே கீழ வெச்சேன். பின்னால மீன் கூடைய வெக்கிற சத்தம் கேட்டுச்சு. அக்கா கத்தல, அடிக்க வரல.

"மூடுடா. வெயில் படுது பாரு."

அவளே வந்து உக்காந்து மண்ண ரெண்டு கையாலயும் அள்ளி மூடுனா. நான் கொண்டாந்த ஐஸ மேல பரப்பினா.

"யக்கா, அவரு இல்லன்னு உனக்குத் தெரியுமாக்கா?"

"ஏன்டா, என்னைய லூசுன்னு நெனச்சுகினு கீறியா? புயல் அடிச்ச அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் அத்தைக்கு இந்தச் சட்டையக் குடுத்திருக்கலாமேக்கா! பூசை வெச்சுப் பொதைச்சிருப்பாங்களே!"

அவ ஐஸ ஓரத்துக்குத் தள்ளிகினே பேசினா. "அவரு தோஸ்த ஐஸ்ல வெச்சு இட்டாந்தாங்க, நீயும்தானே பாத்தே. கூட இருந்தவனுங்க பாத்துப் பாத்து இட்டாந்தானுங்க. இவருக்கு யாரு வெச்சா? உப்புத் தண்ணியில தனியா வுட்டுட்டோம். சட்டைய எடுத்து நேரா குழியில போட்டா அவரு எப்டிடா கரைக்கு வருவாரு? ஐஸ்ல இருந்தாத்தான் கரை வர்ற வரைக்கும் தாங்கும். அதான் நான் வெச்சேன். நீ கொண்டாந்தே."

நீ கொண்டாந்தே. தெனமும் தோள்ல போட்டுகினு, பாட்டு முணுமுணுத்துகினு, கலாய்ச்சவன்கிட்ட எல்லாம் பல்லக் காட்டிகினு நான் தூக்கியாந்தது எங்க மாமாவுக்கு. எனக்கு அழுகையும் வந்தது, கோவமும் வந்தது.

"எப்பக்கா கரை வரும்?"

அவ சணல் சாக்க எடுத்து ஒதறுனா. அப்பத்தான் துறைமுகத்துப் பக்கம் ஒரு லாஞ்சு சத்தம் கேட்டுச்சு. கீழேர்ந்து அத்தை குரலு. "யாரு வந்தது பாருமே, நம்ம இஞ்சின் சத்தம் மாரியே கீதே."

"கேட்டியாக்கா? கரையில நின்னுகினு கீது அது. அந்தக் கார்த்திகையிலேர்ந்து, ஒரு வருஷத்துக்கு மேல நின்னுகினே கீது. நீதான் அவர இட்டுகினு இன்னும் வந்து சேரல"ன்னேன். சொல்லிட்டு அவ மூஞ்சியப் பாக்க முடியாம எறங்கி வந்துட்டேன்.

ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அவளை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோன்னு மனசு அடிச்சுகிச்சு. காலையில மேஸ்திரி கால்ல விழாத குறையாக் கேட்டு, சிதறுன ஐஸ் இல்லாம நல்ல ஐஸா, முழு சாக்கு வாங்கினேன். எத்தினி நாள் வேணும்னாலும் வெச்சுக்கட்டும், நான் கொண்டாந்து தர்றேன்னு மனசுல முடிவு பண்ணிகினு கல்மண்டபத்துக்கு நடந்தேன்.

மாடிக்கு ஏற வேண்டியிருக்கல. பெட்டி கீழ வாசல்ல இருந்துது. அவ ஒருத்தியா அத்தனை படியும் எப்டி எறக்குனான்னு எனக்குத் தெரியாது. மாமாவோட செருப்புப் பக்கத்துல வெச்சிருந்தா. எலையெல்லாம் கிள்ளிப் போட்டிருந்தா. அத்தை காலை நீட்டி உக்காந்து, மணிக்கட்டு வரைக்கும் ரெண்டு கையையும் மண்ணுக்குள்ள வுட்டிருந்தது. அழல. தடவிப் பாத்துகினே இருந்தது.

"இன்னாமே, எம்புள்ள இவ்ளோ ஜில்லுன்னு கீறான்?"

"இப்பத்தான் கரைக்கு வந்தாரு, அத்தை"ன்னா அக்கா. அப்பறம் என்னையப் பாத்தா. "ஐஸ் போதும்டா."

சாக்கு என் தோள்லயே இருந்துது. தண்ணி முதுகு வழியா எறங்கி, காலு வழியா எறங்கி, வாசல் பூரா ஈரமாச்சு. அத எங்க எறக்கி வெக்கிறதுன்னு தெரியாம நான் அங்கியே நின்னேன்.